பூனைக்கு எந்த மூட்டை?

"மனிதனுக்கே நல்ல சோறு கிடைக்காத நாட்டில் நாய்க்கும் பூனைக்கும் உணவு ஆராய்ச்சியா?" என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நம் சங்க இதழில் காதல் கவிதைக்கு நான்கு பக்கம் கிடைக்கிறது. வாயில்லாப் பிராணியின் கிண்ணத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினால் குடி முழுகிப் போய்விடாது. அதன்றியும், நான் சொல்ல வந்த செய்தி அந்தக் கிண்ணத்தோடு நின்றுவிடுவதும் அன்று. பூனையின் கிண்ணத்தில் முதலில் தெரிந்த கேடு, மறு ஆண்டே பச்சைக் குழந்தையின் பால் புட்டியில் தெரிந்த வரலாறு உண்டு. அதைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் மட்டாஞ்சேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பை நாடிக் கொச்சிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. கடைவீதிக்குப் பின்புறம், கிட்டங்கிகளுக்கு நடுவே குடியிருக்கிறோம். மலையாளிகள் பாண்டிகசாலை என்பார்களே, அவைதாம். மிளகும் சுக்கும் அரிசியும் அடுக்கிய இடத்தில் எலி இருக்கும்; எலி இருக்கும் இடத்தில் பூனை இருக்கும். எங்கள் வரிசையில் வீட்டுக்கு ஒரு பூனையேனும் உண்டு. அது யாருடைய பூனை என்று கேட்டால் மட்டும் ஒருவரும் உரிமை கொண்டாட மாட்டார்கள். இவற்றின் பரம்பரை உணவு மீன் தலையும் மீன் குடலும். சாளை மலிவாகக் கிடைத்த நாளில் இதற்குத் தனிச் செலவு கிடையாது.

அந்த மலிவு நிலையானதாக இல்லை. 2012இல் கேரளக் கரையில் ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021இல் கிடைத்தது 3,297 டன். கொச்சியிலேயே இருக்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தந்த கணக்கு இது. பிறகு ஓரளவு மீண்டது என்றாலும், விலை ஒரு நாள் இருந்தபடி மறுநாள் இருப்பதில்லை. இதற்கு மேல், ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவலைப் படகுகளுக்குத் தடை. மீன்வளம் பெருக அந்தத் தடை வேண்டியதே; அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த நாட்களில் மீன் தலைக்கும் மதிப்பு ஏறிவிடுகிறது. தலை குழம்புக்குள் போய்விடுகிறது. பூனை வாசற்படியில் உட்கார்ந்து கத்துகிறது. அப்பொழுதுதான் தெருமுனைக் கடையின் மூட்டை நினைவுக்கு வருகிறது.

இருபது கிலோ மூட்டை. வாயை அறுத்து வைத்திருப்பார்கள். உள்ளே உலர்ந்த உருண்டைகள். அள்ளிப் போட ஒரு தகரக் குவளை. எழுத்து ஏதும் இல்லாத கண்ணாடிப் பையில் கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்துத் தருகிறார் கடைக்காரர். நாய் மூட்டை ஒரு விலை. பூனை மூட்டை அதைவிடக் கூடுதல் விலை. விளைவு யாது? எங்கள் வரிசையில் பாதிப் பூனைகள் நாய் உணவைத் தின்கின்றன. அடுத்த வீட்டு ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "எய்யா, மூட்டையில நாய்ப் படம் போட்டிருந்தா என்ன, பூனைப் படம் போட்டிருந்தா என்ன? வயிறு நெறையுதுல்லா?" என்றார். ஆச்சியின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லத்தான் இக் கட்டுரை.

வயிறு நிறையும், கண் போகும். சற்று விளக்குகிறேன்.

டாரின் என்றொரு சத்து. 1827இல் காளையின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்ததால் காளையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதற்குப் பெயராயிற்று. இறைச்சியிலும் மீனிலும் இருப்பது; தானியத்தில் இல்லை எனலாம். நாயின் உடல் வேறு புரதக் கூறுகளைக் கொண்டு பெரும்பாலும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும். பூனையின் உடலோ போதிய அளவு செய்வதில்லை. போதாக்குறைக்குப் பித்தநீரின் வழியாக அன்றாடம் இழந்துகொண்டும் இருக்கிறது. எனவே உணவில் வந்தே தீர வேண்டும். வராவிட்டால் விழித்திரை சிறிது சிறிதாகக் கெடும் என்பதை 1975இல் கண்டார்கள். இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பதை 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் கால்நடை மருத்துவர்கள் கண்டார்கள். பின்னதில் ஒரு வேடிக்கை: அந்தப் பூனைகள் தெருவில் பொறுக்கித் தின்றவை அல்ல. பெயர் பெற்ற கம்பெனிகளின் பூனை உணவை வேளை தவறாமல் தின்றவை! டாரினைச் சேர்த்துக் கொடுத்ததும் பல பூனைகள் தேறின. கம்பெனிகளும் தம் கலவையைத் திருத்திக்கொண்டன. இன்று பூனை மூட்டையில் டாரின் சேர்க்கிறார்கள். நாய் மூட்டையில் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதுபோலவே காரட்டில் உள்ள மஞ்சள் நிறப் பொருளை உயிர்ச்சத்து 'ஏ'யாக மாற்ற நமக்குத் தெரியும், நாய்க்கும் தெரியும், பூனைக்குத் தெரியாது. அப்படியிருக்கப் பூனை உணவுப் பைகளில் காரட்டும் பச்சைப் பட்டாணியும் பளபளவென்று அச்சடித்திருப்பது யாருக்காக? வாங்குகிறவர் கண்ணுக்காக. பூனை அந்தப் பையைப் பார்த்து மயங்கப் போவதில்லை.

52 நாளில் ஆச்சியின் பூனைக்குக் கண் போய்விடாது. இடையிடையே எலியும் கிடைக்கும். ஆயினும் பழகிய வசதியை யார் விடுவார்கள்? தடை முடிந்து படகுகள் திரும்பிய பிறகும் மூட்டை உணவே தொடரும் வீடுகளை நான் அறிவேன். மாடிக் குடியிருப்பில் கதவடைத்து வளரும் பூனைக்கு எலியும் இல்லை, மீனும் இல்லை. அதற்குக் கிண்ணமே உலகம்.

சரி, பையில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடுமா? அங்கேதான் இரண்டாவது சிக்கல்.

ஒரு நாய் உணவு மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். முதலில் "தானியங்களும் தானிய உபபொருள்களும்"; அடுத்து "கோழியும் கோழி உபபொருள்களும்"; பிறகு எண்ணெய், உப்பு, தாதுக்கள், உயிர்ச்சத்துகள். எடை மிகுந்ததை முதலிலும் குறைந்ததைப் பின்னரும் எழுதுவது உலக வழக்கம். ஆகவே படத்தில் தட்டு நிறைய இறைச்சி இருந்தாலும் மூட்டையில் முதல் இடம் தானியத்துக்கே. தானியம் நாய்க்கு நஞ்சன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாவுப் பொருளைச் செரிக்கும் மரபணுவை ஓநாயைவிடப் பன்மடங்கு பெற்றிருப்பது நாய் என்று 2013இல் சுவீடன் நாட்டு அறிஞர்கள் நிறுவினார்கள். நம் நாட்டில் இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கூழும் சோறும் தின்று வளர்ந்தவைதாமே! தானியம் இருப்பதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. எந்தத் தானியம் என்று சொல்லாததே குறை. சோளமா, குருணையா, தவிடா? இம்மாதம் ஒன்று, மறுமாதம் ஒன்று என்று சந்தை விலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள "தானியங்கள்" என்ற பொதுச்சொல் வழி விடுகிறது.

உபபொருள் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கும் ஒரு சொல். ஈரலும் இதயமும் உபபொருளே. பூனைக்கு அவை தலைவாழை இலை விருந்து. கோழிக் காலும் தலையும் கூட உபபொருளே. இரண்டும் ஒரே பெயரில் உலவுகின்றன. குற்றம் பொருளில் இல்லை, பெயரில் இருக்கிறது. "கோழி ஈரல்" என்று எழுதுவதற்கு என்ன கூச்சம்?

முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயரையும் நம்பிவிடலாகாது. அமெரிக்காவில் தீவன அதிகாரிகளின் சங்கம் வகுத்த மாதிரி விதிப்படி, "கோழி சேர்ந்தது" என்று பெயர் வைக்க நூற்றுக்கு மூன்று பங்கு கோழி போதும். "கோழிச் சுவை" என்றால் அந்த மூன்றும் வேண்டியதில்லை. சுவை தெரிந்தால் போதும். அத்தனை விதி உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

"எனக்கு இந்தப் பட்டியல் எல்லாம் வேண்டாம், புரதம் எத்தனை சதவீதம் என்று பார்த்து வாங்குவேன்" என்று என் வகுப்பு நண்பர் ஒருவர் கூறினார். உயிர் வேதியியல் படிப்பவர் சொல்லக் கூடாத பேச்சு. தகர டப்பாவில் வரும் ஈர உணவில் 8 சதவீதம் புரதம் என்று இருக்கும். உலர் உணவில் 24 என்று இருக்கும். மூன்று மடங்கு என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஈர உணவில் 80 பங்கு தண்ணீர். தண்ணீரை நீக்கிக் கணக்கிட்டால் மிஞ்சும் 20இல் 8, அதாவது 40 சதவீதம். உலர் உணவில் 10 பங்கு தண்ணீர் போக மிஞ்சும் 90இல் 24, அதாவது ஏறத்தாழ 27 சதவீதம். வென்றது டப்பா!

இந்தப் புரத எண்ணை எப்படிப் பெறுகிறார்கள் என்பதே அதைவிடச் சுவையானது. 1883இல் கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பர்க் மதுவாலையின் ஆய்வுக்கூடத்தில் ஜோஹான் கெல்டால் என்பவர் கண்ட முறை. எங்கள் வகுப்பிலும் செய்கிறோம். பொருளைக் கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக வடித்தெடுத்து அளந்து, வந்த எண்ணை 6.25ஆல் பெருக்கினால் புரதம். உண்மையில் நாம் அளந்தது புரதத்தை அன்று, நைட்ரஜனை. கோழி இறகிலும் நைட்ரஜன் உண்டு. அறுந்த தோல் செருப்பிலும் உண்டு. கெல்டாலின் குடுவைக்கு ஈரலும் செருப்பும் ஒன்றுதான். "கச்சாப் புரதம்" என்று பையில் அச்சிட்டிருப்பதன் பொருள் இதுவே.

இந்த ஓட்டையின் வழியாகத்தான் மெலமைன் நுழைந்தது. தட்டும் பலகையும் செய்ய உதவும் வேதிப்பொருள் அது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 100 கிராம் மெலமைனைக் கெல்டால் குடுவையில் போட்டால் 416 கிராம் புரதம் என்று கணக்குக் காட்டும்! சீனாவில் கோதுமைப் புரதத்தில் இதைக் கலந்து ஏற்றுமதி செய்தார்கள். அது நாய், பூனை உணவில் சேர்ந்தது. சிறுநீரகத்தில் படிகங்கள் அடைத்து வட அமெரிக்காவில் பிராணிகள் மடிந்தன. 2007 மார்ச்சில் ஆறு கோடிக்கும் மேற்பட்ட டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றனர். அப்போது பழைய மாதிரிகளையும் எடுத்து ஆராய்ந்தபோது வேறோர் உண்மையும் வெளிப்பட்டது. 2004இல் ஆசிய நாடுகள் சிலவற்றில் நாய்கள் கூட்டமாக இறந்தபோது பூஞ்சை நஞ்சே காரணம் என்று கூறியிருந்தார்கள். அங்கும் அதே மெலமைன்தான். மூன்றாண்டுகள் யாரும் துருவிக் கேட்கவில்லை. இறந்தவை நாய்கள்தாமே!

அடுத்த ஆண்டு, 2008இல், அதே மெலமைன் சீனாவில் பால் மாவில் கலந்திருந்தது வெளிவந்தது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றன. ஆறு குழந்தைகள் இறந்தன. அதே சூழ்ச்சி, அதே ஓட்டை. தொடக்கத்தில் நகைத்த நண்பர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

சீனத்தை மட்டும் குறை கூறவும் வேண்டாம். 1974இன் பிற்பகுதியில் இராஜஸ்தானத்தின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமஹால் மாவட்டங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்து, அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு ஊறியது. ஏழை மக்கள் வேறு வழியின்றி அதையே உண்டார்கள். கணக்கில் வந்த 397 நோயாளிகளில் 106 பேர் இறந்தனர். அவர்கள் வீட்டில் அதே உணவைத் தின்ற நாய்களும் அதே ஈரல் நோயால் இறந்தன. அந்த நஞ்சு சாதாரணச் சமையல் சூட்டில் அழிவதில்லை.

இப்போது எங்கள் தெருமுனைக் கடைக்குத் திரும்புவோம். உலர் உணவில் பெரும்பங்கு தானியம், பலவற்றில் மக்காச்சோளம். மாதம் ஜூன். மட்டாஞ்சேரியில் சுவரே வியர்க்கும் பருவம். கிட்டங்கிக்காரர்கள் சுக்கு மூட்டையைக் கைக்குழந்தை போலப் பொத்திப் பாதுகாக்கும் பருவம். அந்தப் பருவத்தில் வாய் திறந்த மூட்டை வாரக்கணக்கில் கடை வாசலில் நிற்கிறது. என்று காலாவதி என்பது மூட்டையின் மேல் எழுதியிருக்கும். கண்ணாடிப் பையை வாங்கிச் செல்பவருக்குத் தெரியாது. மூட்டை தீர்ந்ததும் சாக்கு வேறு வேலைக்குப் போய்விடும். எழுத்து அதோடு போயிற்று.

மூட்டையே வேண்டாம், வீட்டுச் சாப்பாடே நல்லது என்பாரும் உளர். பாதி உண்மை. பச்சை மீனையே நாள்தோறும் கொடுத்தால் கேடு உண்டு. சாளை, நெத்திலி இனங்களைச் சேர்ந்த மீன்கள் பலவற்றில் தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் நொதி இருக்கிறது. பூனைக்கு நரம்புத் தளர்ச்சி வரும். வேக வைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் இரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். ஆகவே மீதமான சாம்பாரும் மீன் குழம்பும் அவற்றுக்கு ஆகா. மசாலா சேர்க்கும் முன்பே பூனையின் பங்கை எடுத்து அவித்துவிடுவது எங்கள் அம்மாவின் வழக்கம். சிக்கனமும் அதுவே. தானியமே இல்லாத உணவு என்று பெருவிலைக்கு விற்கும் புது நாகரிகம் ஒன்றும் வந்திருக்கிறது. 2018இல் அமெரிக்க அரசு அத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராயத் தொடங்கியது. முடிவான விடை கிட்டவில்லை. பணம் மிகுந்தவர்கள் கவலைப்படட்டும்.

எங்கள் கவலை கால் கிலோ வாங்குபவர்களைப் பற்றியது. சட்டம் அவர்களுக்கு என்ன தருகிறது? 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவு என்பதற்கு இலக்கணம் கூறும்போதே பிராணித் தீவனத்தை விலக்கிவிட்டது. சட்டத்தின் கண்ணில் பூனையின் உணவு உணவே அன்று! நாய், பூனை உணவுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2019இல் ஐ.எஸ். 11968 என்ற தரத்தை வகுத்தது. நல்ல செயல். ஆனால் விரும்பினால் ஏற்கலாம் என்ற அளவில் அதை வைத்தார்கள். விரும்பாதவரை என் செய்வது? அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் துணிபு. கட்டாயமாக்கும்போது "தானியங்கள்", "உபபொருள்கள்" என்ற போர்வைச் சொற்களை நீக்கி இன்ன தானியம், இன்ன உறுப்பு என்று எழுதச் செய்ய வேண்டும்.

மொழி மற்றொன்று. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, பொட்டலத்தில் எழுத வேண்டிய குறிப்புகள் இந்தியில் அல்லது ஆங்கிலத்தில் இருந்தால் போதும். பிற மொழியில் கூடுதலாக எழுதுவதற்குத் தடை இல்லை, எழுதுவார்தாம் இல்லை. ஆச்சிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஐம்பதாண்டுக் கொச்சி வாழ்க்கையில் மலையாளமும் பழகிவிட்டது. ஆங்கிலமும் இந்தியும் வரா. அவர் படிக்கக்கூடியது அந்தப் பையில் நாய்ப் படம் ஒன்றே. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சில்லறை விற்பனையையே ஒழித்துவிட வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. இருபது கிலோ மூட்டையை ஒரே தடவையில் வாங்கும் வசதி எங்கள் வரிசையில் யாருக்கும் இல்லை. அதை ஒழித்தால் பூனை பட்டினி கிடக்கும். கடைக்காரரும் எங்களைப் போல் அன்றாடம் உழைப்பவரே. மூட்டையை மூடி போட்ட தகரத்தில் கொட்டி வைப்பதும், திறந்த நாளைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவதும், பின்புறப் பட்டியலைத் தகரத்தின் மேல் ஒட்டுவதும் காசு செலவில்லாத காரியங்கள். ஒரு கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "நிங்ஙள் எழுதித் தந்தால் ஒட்டாம்" என்றார்.

எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டேன். நாய் மூட்டைக்கு ஒன்றும் பூனை மூட்டைக்கு ஒன்றுமாக இரண்டு தாள். ஒரு பக்கம் மலையாளம், ஒரு பக்கம் தமிழ். உள்ளே இருப்பது என்ன, யாருக்கு உரியது, எதற்குள் தீர்க்க வேண்டும் என்ற மூன்றே செய்திகள். பூனைத் தாளின் தலைப்பில் "டாரின்" என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுத எண்ணம். உயிர் வேதியியல் துறையில் மூன்று பேர் இசைந்திருக்கிறோம். நல்ல கையெழுத்து உடையவர்களும், மலையாளத்தில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்களும் வேண்டும். சங்கத்து உறுப்பினர்கள் மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் கொடுத்தால், ஜூன் 9க்கு முன் மட்டாஞ்சேரிக் கடைகளில் ஒட்டி முடித்துவிடலாம்.